22 ஆண்டு பழைய வீடு: இரண்டாம் முறை போகும்போது எதைப் பார்ப்பது, முன்பணம் எப்போது கொடுப்பது?

நிலைவாசல் கேட்டது:

வணக்கம். கட்டி 22 ஆண்டான தனி வீடு ஒன்றைப் பார்த்திருக்கிறோம். தரைத்தளமும் ஒரு மாடியும். செங்கல் சுவர், கான்கிரீட் கூரை. முதல் முறை போனபோது தரகர் கூடவே நின்று கால் மணி நேரத்தில் சுற்றிக் காட்டி அனுப்பிவிட்டார். அடுத்த முறைக்கு ஒரு மணி நேரம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அதற்குள் எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

கண்ணில் பட்டவை இரண்டு. கீழே படுக்கையறையில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறது. மாடியில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடுகிறது. "வெறும் பூச்சு வெடிப்புதான், பட்டி பார்த்தால் போய்விடும்" என்கிறார் தரகர்.

"வேறொருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார், இந்த வாரமே முன்பணம் போட்டுவிடுங்கள்" என்றும் நெருக்குகிறார்கள். வங்கிக் கடனுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. சொல்லும் விலை நியாயமா என்று தெரிந்துகொள்ள வழி உண்டா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொத்துக்கரண்டி:

முதலில் கையில் எடுத்துப்போக வேண்டியவை: நல்ல டார்ச், 5 மீட்டர் டேப், பென்சில், பழைய வங்கி அட்டை ஒன்று, மூன்று விளக்கு எரியும் சாக்கெட் டெஸ்டர், 10 லிட்டர் வாளி. கூட ஒருவரை அழைத்துப் போங்கள். தரகரிடமும் உரிமையாளரிடமும் அவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கட்டும், நீங்கள் வீட்டைப் பாருங்கள்.

உள்ளே நுழைந்ததும் எல்லாக் குழாயையும் மூடச் சொல்லி, தண்ணீர் மீட்டரை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு வெளியே போய் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு 20 நிமிடம் கழித்து வந்து மறுபடி படம் எடுங்கள். எண் நகர்ந்திருந்தால் தரைக்கடியிலோ கழிப்பறைத் தொட்டியிலோ கசிவு இருக்கிறது. மேல்தொட்டிக்கு அந்நேரம் தண்ணீர் ஏறினாலும் எண் நகரும். தொட்டி நிரம்பியிருக்கிறதா என்று முன்னமே கேட்டுவிடுங்கள்.

வரிசை: முதலில் வெளிப்புறம், அடுத்து மொட்டைமாடி, பிறகு மேலிருந்து கீழாக ஒவ்வொரு அறையும். தண்ணீர் மேலிருந்து இறங்குகிறது. கறையின் மூலத்தைப் பார்த்துவிட்டுக் கறையைப் பார்த்தால் எங்கிருந்து வந்தது என்று உடனே பிடிபடும்.

வெளிச்சுவரில் எட்டத்தில் நின்று பாருங்கள். மூலை செங்குத்தாக இருக்கிறதா, ஜன்னல் வரிசை நூல் பிடித்தாற்போல் போகிறதா, தரைமட்டத்தில் மண் வீட்டை நோக்கிச் சரிகிறதா, வெளிநோக்கிச் சரிகிறதா. மழைநீர்க் குழாய் எங்கே முடிகிறது என்பதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். சுவரோரம் பெரிய மரம் இருந்தால் அதன் உயரத்தையும் தூரத்தையும் எழுதுங்கள். களிமண் நிலத்தில் வேர் ஈரத்தை உறிஞ்ச, மண் சுருங்கி அஸ்திவாரம் இறங்கும்.

மொட்டைமாடியில் தண்ணீர் தேங்கிய வட்டங்கள் இருக்கின்றனவா, வடிகால் வாயில் குப்பை அடைத்திருக்கிறதா, தளமும் கைப்பிடிச்சுவரும் சேரும் மூலை வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். கூரைக் கசிவு பலவும் அந்த மூலையில்தான் தொடங்கும். அங்கே வட்டமாக வளைத்துப் பூசியிருக்க வேண்டும், வெறும் செங்கோணமாக விட்டிருந்தால் வெயிலிலும் குளிரிலும் விரிந்து சுருங்கி வாய் திறந்துவிடும்.

விரிசல். எல்லா விரிசலும் ஒன்றல்ல. மீன்வலை மாதிரி மயிரிழையாகப் பரவிக் கிடப்பது பூச்சு காய்ந்து சுருங்கியது. அழகுக்குக் கேடு, பலத்துக்குக் கேடில்லை. தூணும் செங்கல்லும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக வருவது இரண்டு பொருளும் வேறுவேறு அளவில் விரிவதால். வலை வைத்துப் பூசாததன் விளைவு. கூரைக்கு அடியில் கிடையாக ஓடுவது பெரும்பாலும் வெயிலில் தளம் விரிவதால் வருவது.

நீங்கள் சொல்வது ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போவது. அதைச் சும்மா விடக்கூடாது. மூன்று விஷயம் பாருங்கள்.

அகலம்: வங்கி அட்டையின் தடிமன் முக்கால் மில்லிமீட்டர். அட்டை நுழையாவிட்டால் பெரும்பாலும் கவலையில்லை. நுழைந்து தாராளமாக ஆடினால் அளந்து எழுதுங்கள். 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். 15-ஐத் தாண்டினால் சுவரின் ஒரு பகுதியையே பிரித்துக் கட்ட வேண்டியிருக்கலாம்.

ஆழம்: உள்ளே இருக்கும் அதே இடத்துக்கு நேராக வெளிச்சுவரிலும் இருக்கிறதா? இரு பக்கமும் இருந்தால் அது பூச்சு வெடிப்பு அல்ல, சுவரே பிளந்திருக்கிறது. வெளியே செங்கல் இடைச்சந்து வழியாகப் படிக்கட்டு மாதிரி இறங்கினால் அஸ்திவாரத்தின் ஒரு பகுதி மற்றதைவிட அதிகம் இறங்கியிருக்கிறது என்று பொருள். மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் இருந்தால் அந்த முனை இறங்குகிறது. கீழே அகலமென்றால் நடுப்பகுதி இறங்குகிறது.

வயது: டார்ச்சை உள்ளே அடித்துப் பாருங்கள். தூசி, நூலாம்படை, பழைய பெயின்ட் உள்ளே இறங்கியிருந்து ஓரம் மழுங்கியிருந்தால் பழையது, அசைவு நின்றிருக்கலாம். ஓரம் கூராக, உள்ளே செங்கல் நிறம் பளிச்சென்று தெரிந்தால் புதிது. ஏற்கெனவே அடைத்த சிமென்ட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி வெடித்திருந்தால் இன்னும் அசைகிறது.

புதுப் பெயின்ட். நான்கு சுவரில் ஒன்றுக்கு மட்டும் அடித்திருந்தால் அங்கே மறைக்க ஏதோ இருந்திருக்கிறது. அறை விளக்கை அணைத்து, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் படுக்கவைத்து அடியுங்கள். நேரே அடித்தால் தெரியாத மேடு, பள்ளம், பட்டி பார்த்த ஒட்டு எல்லாம் நிழல் விழுந்து தெரியும். பிறகு சுவரின் கீழ்ப்பகுதியை விரல் கணுவால் தட்டிக்கொண்டே போங்கள்; பொள்ளலாகக் கேட்குமிடத்தில் பூச்சு கழன்றிருக்கிறது. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை வெள்ளை உப்பு பூத்து, மேலே அலைபோலக் கறை முடிந்தால் நிலத்தடி ஈரம் ஏறுகிறது. ஜன்னலுக்குக் கீழே மட்டும் திட்டாக இருந்தால் மழை உள்ளே வருகிறது. மழையோ வெயிலோ எப்போதும் ஈரமாக, வட்டமாகப் பரவினால் சுவருக்குள் குழாய் கசிகிறது. இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு, செலவும் வேறு. குழாய்க் கசிவு இரண்டு நாள் வேலை. நிலத்தடி ஈரத்துக்குச் சுவர் அடியில் ஈரத்தடுப்பு போட வேண்டும், அது பெரிய வேலை. சுவரை ஒட்டி அலமாரி, கட்டில் தலைமாட்டுப் பலகை போட்டிருந்தால் நகர்த்திக் காட்டச் சொல்லுங்கள். நகர்த்த மாட்டேன் என்றால் அதையே குறித்துக்கொள்ளுங்கள்.

கான்கிரீட். குளியலறைக்கு அடியில் வரும் கூரைப்பகுதி, வெளியே நீட்டிய சன்ஷேடு, மேல்தொட்டி நிற்கும் இடம் மூன்றையும் அண்ணாந்து பாருங்கள். நேர்க்கோடாக வெடிப்பும் பழுப்புக் கறையும் சேர்ந்திருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் பிளந்து விழுகிறது. மேலே சிமென்ட் பூசி மெழுகினால் துரு நிற்காது. உடைத்து, கம்பியைச் சுத்தம் செய்து, தேய்ந்திருந்தால் புதுக் கம்பி சேர்த்துத்தான் மூட வேண்டும்.

தண்ணீர். வாளியைக் குழாயடியில் வைத்து நேரம் பாருங்கள். 10 லிட்டர் ஒரு நிமிடத்தில் நிறைந்தால் நல்ல வேகம். இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் குழாய் உள்ளே துருவேறி ஒடுங்கியிருக்கலாம். மாடிக் குளியலறையில் திறந்துவைத்துவிட்டுச் சமையலறையிலும் திறந்து, மேலே எவ்வளவு குறைகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். நிறைந்த வாளியைத் தரை வடிகாலில் ஒரே மூச்சில் ஊற்றுங்கள். தேங்கினாலோ குடகுட சத்தத்தோடு காற்று வந்தாலோ அடைப்பு இருக்கிறது, அல்லது காற்றுக்குழாய் இல்லை.

மின்சாரம். மெயின் பலகையைத் திறந்து கசிவுமின் தடுப்பான் இருக்கிறதா பாருங்கள்; 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கும். உரிமையாளரிடம் சொல்லிவிட்டு அதன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள், பட்டென்று விழ வேண்டும். சாக்கெட் டெஸ்டரை அறைக்கு ஒரு சாக்கெட்டிலாவது செருகி எர்த் இருக்கிறதா பாருங்கள். மூன்று துளை இருக்கும், உள்ளே எர்த் கம்பி இருக்காது. பழைய வீடுகளில் இது அடிக்கடி உண்டு. எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) மேல் எழுதிய எண்ணையும் பாருங்கள். விளக்குக்குப் போகும் 1.5 சதுர மி.மீ. கம்பிக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. போட்டிருந்தால், எம்.சி.பி. விழுவதற்குள் கம்பி சூடேறி அதன் உறை உருகிவிடும். அடிக்கடி விழுகிறது என்று பெரிதாக மாற்றிவைத்துவிடுவார்கள். அப்படி மாற்றிய இடத்தில் கம்பியும் மாற்ற வேண்டும் என்று கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

தெருவிளக்கு:

விலை பற்றிக் கேட்டீர்கள். விளம்பரத்தில் போட்டிருப்பது விற்பவரின் ஆசை. விலை என்பது வாங்கியவர் கொடுத்தது. அதே தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் கடந்த 6 முதல் 12 மாதத்தில் கைமாறிய வீடுகளைத் தேடுங்கள்: பதிவு ஆவணங்கள் பொதுவில் கிடைக்குமிடத்தில் அதிலிருந்து, இல்லையேல் இரண்டு மூன்று தரகர்களிடமும் வங்கி மதிப்பீட்டாளரிடமும் கேட்டு. பதிவில் காட்டும் தொகை சில இடங்களில் உண்மைத் தொகையைவிடக் குறைவாக இருக்கும். ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டு வழியிலும் ஒத்துப்பாருங்கள்.

ஒப்பிடும்போது பரப்பளவில் ஏமாறுவதுதான் அதிகம். சுவரின் வெளிவிளிம்பை அளந்து சொல்வது ஒன்று, உள்ளே கால் வைக்கும் தரை இன்னொன்று. வெளியளவில் 3 மீட்டருக்கு 4 மீட்டர் உள்ள அறையின் நான்கு பக்கமும் 230 மி.மீ. சுவர் என்றால், உள்ளே 2.54-க்கு 3.54. அதாவது 12 சதுர மீட்டர் என்று சொன்னதில் கிடைப்பது 9. கால்வாசி சுவருக்குப் போய்விட்டது. அடுக்குமாடியாக இருந்தால் படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா பங்கும் சேரும். டேப்பால் ஒவ்வொரு அறையையும் உள்ளளவாக அளந்து கூட்டி, விலையை அதனால் வகுத்து, மற்ற வீடுகளையும் அதே கணக்கில் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். 1 சதுர மீட்டர் 10.764 சதுர அடி.

எத்தனை நாளாக விற்பனையில் இருக்கிறது, இடையில் விலை குறைத்தார்களா என்று தேடுங்கள். வலைத்தளங்களில் பழைய விளம்பரத்தின் படங்கள் கிடைக்கும். ஆறு மாதமாகக் கிடக்கும் வீட்டுக்கு "இந்த வாரமே வேறொருவர்" வருவது அபூர்வம். உண்மையிலேயே வந்தாலும், அவருடைய அவசரம் உங்கள் வீட்டு அஸ்திவாரத்தைச் சரிசெய்யாது. நெருக்கினால் ஒரே பதில்: "விலையில் ஆட்சேபமில்லை, ஆவணமும் பொறியாளர் அறிக்கையும் சரியாக இருந்தால் இத்தனாம் தேதிக்குள் கையெழுத்து." தேதி சொன்னால் உண்மையான விற்பனையாளர் பொறுப்பார்.

மூன்று வேளை அந்தத் தெருவுக்குப் போய் நில்லுங்கள். வேலைநாள் காலை நெரிசலில் ஒருமுறை, இரவு பத்து மணிக்கு ஒருமுறை, நல்ல மழை பெய்து முடிந்ததும் ஒருமுறை. மூன்றாவதைத் தவறவிடாதீர்கள். பக்கத்து வீட்டு மதில்களில் எந்த உயரத்தில் சேற்றுக்கறை நிற்கிறதோ அதுவரை தண்ணீர் வந்திருக்கிறது. இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவரிடம் தண்ணீர் வரும் நேரம், கழிவுநீர் எதிர்த்து வருமா, எல்லைத் தகராறு உண்டா என்று கேட்டால் தரகர் சொல்லாததெல்லாம் வந்துவிடும்.

ஏலத்தில் வரும் வீட்டை மலிவென்று நினைப்பவர்கள் உண்டு. அங்கே உள்ளே பார்க்க விடாமலே விற்கலாம், குடியிருப்பவரைக் காலிசெய்வது உங்கள் தலையில் விழலாம், பழைய பாக்கிகளும் கூடவே வரலாம், குறித்த நாளில் மீதியைக் கட்டாவிட்டால் வைப்புத்தொகை போய்விடும். முதல் வீடு வாங்குபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூலப்பத்திரம்:

சட்டத்தின் பெயரும் அலுவலகத்தின் பெயரும் வரி விகிதமும் இடத்துக்கு இடம் மாறும். கேட்க வேண்டிய கேள்விகள் மாறுவதில்லை. நீங்களே அமர்த்திய வழக்கறிஞர் பார்க்கட்டும். விற்பவரோ தரகரோ காட்டும் வழக்கறிஞர் வேண்டாம்.

விற்பவர்தான் உரிமையாளரா? இப்போதைய பத்திரத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு கைமாற்றமாகப் போங்கள். இவருக்கு யார் கொடுத்தார், அவருக்கு யார், அவருக்கு முன்னால் யார். சங்கிலியில் ஒரு கண்ணி இல்லாவிட்டால் அங்கேதான் பின்னால் வழக்கு வரும். பெயரின் எழுத்து, தந்தை பெயர், அடையாள ஆவணம் மூன்றும் ஒத்துப்போகின்றனவா பாருங்கள்.

அவர் ஒருவர் மட்டும்தான் உரிமையாளரா? பரம்பரையாக வந்திருந்தால் எல்லா வாரிசும் கையெழுத்திட வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் தங்கை, இறந்துபோன அண்ணனின் பிள்ளைகள், இவர்களை விட்டுவிட்டு எழுதிய பத்திரம் இவர்கள் பங்குக்கு நிற்காது. மைனர் பங்கு இருந்தால் பொதுவாக நீதிமன்ற அனுமதி கேட்பார்கள். அதிகாரப்பத்திரம் வைத்து விற்றால், கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, ரத்துசெய்யவில்லையா என்று அவரிடமே நேரில் அல்லது வீடியோவில் பேசி உறுதிசெய்யுங்கள். கொடுத்தவர் இறந்ததும் பொதுவாக அதிகாரமும் முடிந்துவிடும்.

வில்லங்கம் உண்டா? அடமானம், வழக்கு, வரி பாக்கி, ஜப்தி. வில்லங்கத் தேடலை முன்பணத்துக்கு முன் ஒருமுறை எடுப்பார்கள், அதோடு நிறுத்திவிடுவார்கள். இங்கேதான் தவறு நடக்கிறது. பதிவு நாளன்று காலையில் மறுபடி எடுங்கள். இடைப்பட்ட நாட்களில் அதே வீட்டை வேறொருவருக்கு எழுதிக்கொடுக்கவோ அடகுவைக்கவோ முடியும். வீட்டின் மேல் விற்பவருக்குக் கடன் இருந்தால், எவ்வளவு நிலுவை என்று அவருடைய வங்கியிடமிருந்தே எழுத்தில் வாங்கி, அந்தத் தொகையை நேராக அந்த வங்கிக்குக் கட்டி, அசல் பத்திரமும் அடமான நீக்கமும் கைக்கு வரும்படி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். "நான் கட்டிக்கொள்கிறேன், நீங்கள் எனக்குக் கொடுங்கள்" என்பதை ஏற்காதீர்கள்.

காகிதத்தில் இருப்பதும் நிலத்தில் இருப்பதும் ஒன்றா? நில அளவையாளரை வைத்து நான்கு எல்லையும் அளங்கள். அனுமதி வரைபடத்தை வாங்கி வீட்டோடு ஒப்பிடுங்கள். வரைபடத்தில் தரைத்தளம் மட்டும் இருந்து மாடி பின்னால் எழும்பியிருந்தால், வங்கி அந்த மாடிக்கு மதிப்புப் போடாது, நாளைக்கு இடிக்கச் சொல்லும் ஆபத்தும் உண்டு. உங்கள் வீட்டில் மாடி இருப்பதால் இதை முதலிலேயே கேளுங்கள். வழி உரிமையையும் பாருங்கள்: தெருவுக்குப் போகும் பாதை உங்கள் பத்திரத்தில் இருக்கிறதா, பக்கத்து வீட்டுக்காரர் தயவில் நடக்கிறதா?

முன்பணம் பற்றி. கொடுப்பதானால் உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கு மட்டும், ரசீதோடு. தரகர் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். அதற்கு முன் எழுத்தில் ஒப்பந்தம். அதில் இந்த நிபந்தனைகள் இருக்கட்டும்: கடன் கிடைக்காவிட்டாலோ, உரிமையில் குறை தெரிந்தாலோ, பொறியாளர் அறிக்கையில் கட்டமைப்புக் குறை வந்தாலோ முன்பணம் முழுதும் இத்தனை நாளுக்குள் திரும்பும். பதிவுக்குக் கடைசித் தேதி. விற்பவர் பின்வாங்கினால் என்ன, நீங்கள் பின்வாங்கினால் என்ன. வீடு காலியாக ஒப்படைக்கப்படும் நாள். வரி, மின்சாரம், தண்ணீர் பாக்கி எந்தத் தேதிவரை யார் தலையில். வீட்டோடு வருபவை எவை: மோட்டார், மின்விசிறி, கதவு போட்ட அலமாரி, தொட்டி. எழுதாதது எதுவும் உங்களுக்கு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கடைசி நேரத்தில் "கணக்கு எண் மாறிவிட்டது, இதில் போடுங்கள்" என்று மின்னஞ்சலோ செய்தியோ வந்தால் பணம் அனுப்பாதீர்கள். முன்பே உங்களிடம் இருக்கும் எண்ணில் அழைத்து, குரலைக் கேட்டு உறுதிசெய்த பிறகுதான். அந்தச் செய்தியில் இருக்கும் எண்ணை அழைத்தால் மோசடிக்காரரே எடுப்பார்.

வட்டிக்கணக்கு:

கடனுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றீர்கள். முன்பணத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை அது. உங்கள் வருமானத்துக்கு எவ்வளவு கொடுப்பார்கள் என்ற முன்ஒப்புதலைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசினால் விற்பவரும் மதிப்பார்.

அதுவும் முழு உறுதியல்ல. வங்கி இரண்டு விஷயம் பார்க்கிறது: ஒன்று நீங்கள், மற்றொன்று வீடு. வீட்டுக்கு அவர்களுடைய மதிப்பீட்டாளர் என்ன மதிப்புப் போடுகிறாரோ அதன் மேல்தான் விகிதம். நீங்கள் பேசிய விலை 100 என்று வையுங்கள், வங்கி 80 சதவீதம் தருவதாகச் சொல்கிறது. கைப்பணம் 20 போதும் என்று இருப்பீர்கள். மதிப்பீட்டாளர் 90 என்று எழுதினால் கடன் 72 ஆகிவிடும். திடீரென்று 28 வேண்டும். பலருடைய முன்பணம் மாட்டிக்கொள்வது இந்த 8-இல்தான். பதிவுச் செலவு, வரி, வழக்கறிஞர், காப்பீடு, உடனடிப் பழுது ஆகியவை இதற்கு மேல், பெரும்பாலும் கடனில் சேராதவை.

தவணையின் உள்ளே நடப்பதையும் பாருங்கள். ஆண்டுக்கு 9 சதவீதம், 20 ஆண்டு என்றால் ஒவ்வொரு 1,00,000-க்கும் மாதத் தவணை 900. முதல் மாதம் அதில் 750 வட்டி, அசலில் கழிவது 150 மட்டும். 5 ஆண்டில் ஏறத்தாழ 54,000 கட்டியிருப்பீர்கள், அசல் இன்னும் 88,700 பாக்கி நிற்கும். 20 ஆண்டில் மொத்தம் கட்டுவது 2,16,000 அளவுக்கு வரும். அதே கடனை 15 ஆண்டில் கட்டினால் தவணை 1,014, மொத்தம் 1,82,600. மாதம் 114 கூட்டினால் 33,000-க்கு மேல் மிச்சம்.

மாறும் வட்டியா, நிலையான வட்டியா என்று கேளுங்கள். மாறும் வட்டியில் 9 என்பது 10 ஆனால், தவணையை 900-லேயே வைத்துக் காலத்தை நீட்டும் வழக்கம் உண்டு. அப்போது 240 மாதம் 314 மாதமாகிவிடும். ஒரு சதவீதத்துக்கு ஆறு ஆண்டு. தவணை மாறாததால் பலர் கவனிப்பதே இல்லை. வட்டி ஏறியதும் தவணையை 965 ஆக ஏற்றச் சொன்னால் காலம் அப்படியே இருக்கும்.

எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் வைத்துக்கொள்வது என் கருத்து. வங்கி அதைவிட அதிகம் தரத் தயாராக இருக்கலாம். ஆறு மாதத் தவணையைத் தனியே எடுத்துவைக்காமல் கையிருப்பு முழுவதையும் வீட்டில் போடாதீர்கள், பழைய வீடு முதல் ஆண்டிலேயே செலவு கேட்கும்.

நிலைவாசல்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. போய்ப் பார்த்தோம். கொத்துக்கரண்டி சொன்னபடியே செய்ததில்: விரிசலில் அட்டை நுழைகிறது, மேலே 3 மி.மீ., கீழே வர வர ஒன்றுக்கும் குறைவு. வெளியே அதே இடத்தில் படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. ஒருமுறை அடைத்த சிமென்ட் பக்கத்தில் மறுபடி கோடு விட்டிருக்கிறது. மழைநீர்க் குழாய் நேராக அந்த மூலையில் தரைக்கு ஒரு சாண் மேலே முடிகிறது, கீழே மண் குழிந்து கிடக்கிறது. புதுப் பெயின்ட் சுவரில் தரையிலிருந்து முக்கால் மீட்டர் வரை தட்டினால் பொள்ளல். தண்ணீர் மீட்டர் நகரவில்லை. இந்த வீட்டை விட்டுவிடலாமா?

கொத்துக்கரண்டி:

இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு நன்றி, பாதி வேலை முடிந்தது. 3 மி.மீ. என்பது பயந்து ஓட வேண்டிய அளவில்லை. மேலே அகலம், மறுபடி திறந்தது, அடியில் தண்ணீர் கொட்டுவது, மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. 22 ஆண்டாக அந்த மூலை மண்ணில் கூரைத் தண்ணீர் முழுவதும் இறங்கி மண்ணை இளக்கியிருக்கிறது, அந்த முனை இறங்குகிறது. அருகில் கழிவுநீர்க் குழாய் உடைந்திருந்தாலும் இதே மாதிரி வரும். அதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

பொறியாளர் ஒருவரை அழைத்து அந்த மூலையில் அஸ்திவாரம் வரை ஒரு சிறு குழி தோண்டிப் பார்க்க உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். அஸ்திவாரத்தின் ஆழம், அகலம், மண்ணின் தன்மை, ஈரம் நான்கும் அங்கே தெரிந்துவிடும். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள், நடுவில் இரு பக்கமும் ஒவ்வொரு புள்ளி வைத்து இடைவெளியை அளந்து எழுதுங்கள். கடன், ஆவணம் எல்லாம் முடிய எப்படியும் சில வாரம் ஆகும். கையெழுத்துக்கு முன் மறுபடி அளந்தால் அசைவு தெரியும்.

பழுது பார்க்கும் வரிசை முக்கியம். முதலில் மழைநீரை வீட்டிலிருந்து எட்டக் கொண்டுபோய் விட வேண்டும். பிறகு ஒரு மழைக்காலமும் ஒரு வறண்ட காலமும் போகட்டும். அசைவு நின்றதென்று தெரிந்த பிறகுதான் இடைச்சந்துகளில் துருப்பிடிக்காத கம்பி பதித்துத் தைத்து மூடுவது. முதல் வேலையை விட்டு மூன்றாவதை மட்டும் செய்ததால்தான் முன்பு அடைத்தது திறந்துகொண்டது. அசைவு நிற்காவிட்டால் அஸ்திவாரத்துக்கு அடியில் வலுவூட்ட வேண்டும், அந்தச் செலவு முற்றிலும் வேறு. பொறியாளரிடம் இரண்டு நிலைக்கும் தனித்தனி மதிப்பீடு எழுதி வாங்குங்கள். பொள்ளல் சுவருக்கும் ஒன்று.

அந்த மூன்று காகிதத்தோடு பேரம் பேசுங்கள். "விரிசல் இருக்கிறது, குறையுங்கள்" என்றால் பட்டி பார்க்கும் கூலியைக் கழிப்பார்கள். மதிப்பீட்டை மேஜையில் வைத்தால் தொகையைப் பற்றிப் பேச வேண்டிவரும். குழி தோண்ட அனுமதி மறுத்தால், வலுவூட்டும் செலவு வரும் என்றே வைத்து விலை சொல்லுங்கள். அந்த விலைக்கு அவர் இறங்காவிட்டால் வேறு வீடு பாருங்கள்.

வாங்குவதென்று முடிவானால், பணம் கைமாறும் நாளன்று பதிவுக்குப் போவதற்கு முன் வீட்டை இன்னொருமுறை சுற்றிவாருங்கள். மோட்டார் இருக்கிறதா, அறைகள் காலியா, விரிசலின் புள்ளிகளுக்கு இடையே அளவு என்ன. மின் மீட்டரும் தண்ணீர் மீட்டரும் தேதியோடு படம் எடுங்கள். மெயின் தண்ணீர் வால்வு எங்கே, எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று உரிமையாளரையே காட்டச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள், அவர் போன பிறகு சுவரை உடைத்துத் தேட வேண்டாம். அன்றே வாசல் பூட்டின் உள்ளுறுப்பை மாற்றிவிடுங்கள். 22 ஆண்டில் அந்தச் சாவிக்கு எத்தனை நகல் போயிருக்கிறது என்று அவருக்கே தெரியாது.